உயர்நிலைப் பள்ளியில் கலைக் கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

இசை, நடனம், நாடகம், ஓவியம் ஆகிய கலைகளை உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்க வேண்டுமா என்னும் வினா நம் நாட்டில் பலமுறை எழுப்பப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் 'வேண்டும்' என்றே விடை கூறப்பட்டது. கல்விக் குழுக்கள் அவ்வாறே பரிந்துரைத்தன. பள்ளி ஆண்டு விழாக்களில் தலைமை தாங்கிய பெரியோரும் அதனையே வலியுறுத்தினர். ஆயினும் கால அட்டவணையில் வாரத்திற்கு ஒரு பாடவேளை பெற்று நிற்கும் கலை, பொதுத்தேர்வு நெருங்கியதும் அதனையும் கணிதத்திற்கு விட்டுக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதை நாம் அறிவோம். எல்லாரும் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட ஒன்று ஏன் இவ்வாறு ஒதுங்கி நிற்கிறது? இதற்கு விடை காண வரலாற்றை நோக்குவது பயனுடையது.

இவ்வாய்வுக்குச் சென்னையின் தியாகராய நகரை நாம் நடுவிடமாகக் கொள்கிறோம். சபா அரங்குகள், புகழ்பெற்ற நடிகர்கள் வாழ்ந்த இல்லங்கள், பல்வகைப் பள்ளிகள், வறுமையால் படிப்பை நிறுத்திவிட்டுக் கடைகளில் உழைக்கும் இளைஞர்கள் ஆகிய அனைத்தும் நடந்து கடக்கக்கூடிய எல்லைக்குள் அங்கே அமைந்துள்ளன. கலைக்கும் பள்ளிக்கும் இடையே நேர்ந்த பிரிவினையை இதனினும் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

பள்ளிக்கு முன்

பள்ளிக்கூடம் கலையை மறந்தது என்று கூறுமுன், பள்ளி இல்லாத காலத்தில் கலை எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதை எண்ணுதல் தகும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறிப்பித்த கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைப் பெயரும் ஊரும் சுட்டிக் குறிப்பிடுகிறது. ஆடலாசிரியர், பாடுவோர், இசைக்கருவி வாசிப்போர் ஆகியோரும் அதில் இடம்பெறுகின்றனர். அவர்களுள் ஒருவர் இறந்தால் அப்பணி அவருடைய நெருங்கிய உறவினரைச் சாரும் என்பது அங்குக் கண்ட ஏற்பாடு. கலை குலத்தின் உடைமையாக வழிவழி வந்ததற்கு இது தக்க சான்றாகும்.

பிற்காலத்திலும் இந்நிலை மாறவில்லை. நாகசுரமும் தவிலும் நட்டுவாங்கமும் இசை வேளாளர் இல்லங்களில் வளர்ந்தன. பறை, ஒடுக்கப்பட்ட மக்களின் தோளில் ஏற்றப்பட்ட கடமையாகவும் இழிவாகவும் இருந்தது. கூத்து, அதனை மரபாக ஆடிய குடும்பங்களிடம் இருந்தது. ஒரு குழந்தை எந்த இல்லத்தில் பிறந்தது என்பதே அது எக்கலையைக் கற்கலாம், எதைக் கற்றே ஆக வேண்டும், எதை நெருங்கவே கூடாது என்பதை முடிவு செய்தது. அம்முறையில் பயிற்சியின் ஆழம் மிகுதி என்பதை யாரும் மறுக்கவியலாது. அதில் விருப்பத்திற்கு இடமில்லை என்பதும் மறுக்கவியலாத உண்மையே.

இவ்வேலியைத் தாண்டும் வாய்ப்பைத் தந்த தொடக்க கால அமைப்புகளுள் மிஷன் பள்ளியும் ஒன்று. 1774-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், மிஷனெரி சுவார்ட்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அங்கும் தரங்கம்பாடியிலும் பயின்றார். இளமையிலேயே தஞ்சைப் பள்ளியின் பொறுப்பை ஏற்று, மாணாக்கருக்குப் பாடங்களோடு செய்யுளும் பாட்டும் கற்பித்தார். சுவார்ட்சின் அன்பைப் பெற்ற மற்றொருவரான இரண்டாம் சரபோசி மன்னரின் அவையிலும் அவர் சிறப்புப் பெற்றார். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய அவருடைய புலமையில் பள்ளியும் பாட்டும் பிரிந்து நிற்கவில்லை. எனினும் பின்னர் வந்த மிஷனெரிமாருடன் சாதி வேறுபாடு குறித்தும் வழிபாட்டில் தமிழிசை குறித்தும் அவருக்குப் பூசல் மூண்டது. இசை பற்றிய வழக்கில் நாம் சாஸ்திரியாரின் பக்கம் நிற்போம். சாதி பற்றிய வழக்கில் அவ்வாறு நிற்க இயலாது. கலையைப் போற்றுவோர் அனைவரும் அதன் கதவை எல்லாருக்கும் திறந்துவிடுவர் என்பதற்கு உறுதியில்லை என்னும் பாடத்தை இவ்வரலாறு தொடக்கத்திலேயே நமக்குக் கற்பிக்கிறது.

மிஷன் பள்ளிகள் ஏற்றதும் மறுத்ததும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் பள்ளிகள் பெருகின. அவை பாட்டைப் பள்ளிக்குள் கொண்டுவந்தன. ஞானப்பாட்டும் கீர்த்தனையும் காலை வழிபாட்டில் ஒலித்தன. அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் ஐயர் 1853-ஆம் ஆண்டில் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டமையால் அவை பள்ளிதோறும் பரவின. மேலைநாட்டு முறையில் நான்கு குரலில் பாடவும் மாணவர் பழக்கப்பட்டனர். பெண்கள் பள்ளி விழாக்களில் கும்மியும் கோலாட்டமும் இடம்பெற்றன. குலத்தால் பாடகர் அல்லாத பல்லாயிரம் குழந்தைகள் அணியாக நின்று பாடக் கற்றது இப்பள்ளிகளில்தான் என்பதைப் பெருமையுடன் கூறலாம்.

ஆயினும் அப்பள்ளிகள் மறுத்தவையும் உண்டு. நடனம் கோயிலோடும் தேவதாசி முறையோடும் பிணைந்திருந்தமையால் அது விலக்கப்பட்டது. 1893-ஆம் ஆண்டு சென்னையில் சமூகச் சீர்திருத்தக்காரர்கள் நாட்டிய நிகழ்ச்சிகளை அரசு அதிகாரிகள் புறக்கணிக்க வேண்டுமென விண்ணப்பம் விடுத்தபோது, மிஷன் வட்டாரங்களும் அதனை ஆதரித்தன. பெண்களை இழிவிலிருந்து மீட்கும் நன்னோக்கு அவ்வியக்கத்தில் இருந்தது. ஆனால் இழிவையும் கலையையும் பிரித்தறியும் பொறுமை அதில் குறைவாகவே இருந்தது. கூத்தும் பறையும் அவ்வாறே புறத்தே நிறுத்தப்பட்டன. பறையைக் கைவிடுவது விடுதலையின் அடையாளம் எனக் கருதிய நம் சபை மக்களின் உணர்வையும் இங்கு நாம் மதித்தே நோக்க வேண்டும். இழிவு சுமத்தப்பட்ட கருவியை உதறுவதற்கு அவர்களுக்கு முழு உரிமை இருந்தது.

ஓவியத்தின் நிலை வேறு. 1850-ஆம் ஆண்டு அலெக்சாந்தர் அண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அரசினர் ஏற்று நடத்திய அப்பள்ளியே இன்றைய கவின்கலைக் கல்லூரியின் தோற்றுவாய். அதன் தொடக்க கால நோக்கம் கைத்தொழிலுக்கு உதவும் வரைதிறனை வளர்ப்பதாகும். உயர்நிலைப் பள்ளிகளில் நுழைந்த சித்திரப் பாடமும் அந்நோக்கையே பின்பற்றியது. கூசாவையும் பெட்டியையும் பார்த்து அவ்வாறே வரைதல், அளவுகோல் கொண்டு வடிவங்கள் அமைத்தல் ஆகியவை பயிற்றப்பட்டன. கீழ்நிலை, மேல்நிலை என அரசு தொழில்நுட்பத் தேர்வுகள் ஏற்பட்டன. அவற்றில் தேறியவர் ஓவிய ஆசிரியராயினர். மாணவன் தான் கண்டதைத் தன் மனத்தின்படி வரைவதற்கு அப்பாடத்தில் இடம் குறைவு.

இக்காலத்தில் நம் பள்ளிகளிலிருந்து எழுந்த பேராளர் ஆபிரகாம் பண்டிதர். 1859-ஆம் ஆண்டு பிறந்த அவர், திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, தஞ்சையில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய பின்னர் சித்த மருத்துவத்தில் ஈடுபட்டார். மருத்துவத்தால் ஈட்டிய பொருளைக் கொண்டு இசை மாநாடுகளை நடத்தினார். 1916-இல் பரோடாவில் கூடிய முதல் அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் சுருதி ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். அவர் குடும்பத்துப் பெண்டிர் வீணையிசைத்து அதனை மெய்ப்பித்துக் காட்டினர். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. இசைக் குலத்தில் பிறவாத ஒரு பள்ளியாசிரியர் இசையிலக்கணத்தின் அடிப்படைகளையே வினாவ முடிந்தது என்பது, கல்வி கலையைத் தொடும்போது நிகழக்கூடியது யாது என்பதைக் காட்டுகிறது. ஈரோட்டில் பணியாற்றிய பாப்லி ஐயர் 1921-இல் வெளியிட்ட இந்திய இசை பற்றிய நூலும் இவ்வரிசையில் நினைவுகூரத்தக்கது. ஆனால் இவர்களுடைய உழைப்பு உயர்நிலைப் பள்ளியின் பாடத்திட்டத்தை மாற்றவில்லை.

சிறுவர் நாடகக் குழுக்கள்

பள்ளி தரத் தவறியதைத் தந்த அமைப்பு ஒன்று அதே காலத்தில் தமிழகத்தில் இருந்தது. சிறுவர் நாடகக் குழு அல்லது 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்டது அது. 1918-ஆம் ஆண்டு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். ஆறு வயதில் அதில் சேர்ந்த தி. க. சண்முகம், பின்னர்த் தம் உடன்பிறந்தாருடன் சேர்ந்து தமிழ் நாடகத்தையே தாங்கி நின்றார். இத்தகைய குழுக்கள் பல ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்தின.

இக்குழுக்களை வெறும் பொழுதுபோக்கு நிறுவனங்கள் என்று நாம் கருதலாகாது. விடியற்காலையில் குரற்பயிற்சி, பகலில் பாடமும் ஒத்திகையும், இரவில் மேடை என்று அவற்றின் நாள் கழிந்தது. செய்யுளைப் பிழையின்றி ஒலித்தல், தாளம் பிழையாமல் பாடுதல், நூற்றுக்கணக்கான வரிகளை நினைவில் நிறுத்தல், பெண் வேடம் முதல் அரச வேடம் வரை எதற்கும் உடலைப் பழக்குதல் ஆகியவற்றைச் சிறுவர் கற்றனர். உயர்நிலைப் பள்ளி வயதில் ஒருவர் பெறக்கூடிய மிகச் சிறந்த கலைப் பயிற்சி அது. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்தனர். அடியும் பட்டினியும் அறிந்தனர். மகரக்கட்டு உடைந்து குரல் மாறியதும் பலருடைய வாழ்வு கேள்விக்குறியாயிற்று. பள்ளிப் படிப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை.

இவ்வாறு வளர்ந்தவர்களுள் மூவரைத் தியாகராய நகர் இன்றும் நினைவில் வைத்துள்ளது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் சிலை ஜி. என். செட்டி சாலையருகே நிற்கிறது. ம. கோ. இராமச்சந்திரன் வாழ்ந்த இல்லம் ஆற்காடு தெருவில் நினைவில்லமாக உள்ளது. சிவாசி கணேசன் வாழ்ந்த 'அன்னை இல்லம்' அமைந்த சாலை அவர் பெயரையே தாங்குகிறது. மூவரும் சிறுவயதிலேயே பள்ளியை விட்டு நாடகக் குழுவில் சேர்ந்தவர்கள். மூவரும் இளமையில் வறுமையை அறிந்தவர்கள். முதலமைச்சரான பின்னர் ம. கோ. இராமச்சந்திரன் 1982-இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கியபோது, தாம் இளமையில் அறிந்த பசியே அதற்குத் தூண்டுகோல் என எடுத்துரைத்தார். நாடகக் குழுச் சிறுவனின் பசியை அரசுப் பள்ளி ஆற்றத் தொடங்கியது. அவன் பெற்ற கலை அப்பள்ளிக்குள் வந்து சேரவில்லை.

ஆக, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏழைச் சிறுவன் முன் இரண்டு வழிகள் இருந்தன. கலையை விரும்பினால் பள்ளியை இழக்க வேண்டும். பள்ளியை விரும்பினால் கலையை இழக்க வேண்டும்.

ஏரியின் மேல் எழுந்த நகர்

நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1923-ஆம் ஆண்டு முதலாக, மாம்பலம் ஏரி தூர்க்கப்பட்டுப் புதிய குடியிருப்பு உருவாயிற்று. 1925-இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் அதற்கு இடப்பட்டது. அதன் நடுவே அமைந்த பூங்கா பனகல் அரசரின் பெயரைப் பெற்றது. வழக்கறிஞரும் அரசு அலுவலரும் வணிகரும் திரைத்துறையினரும் அங்கே குடியேறினர். நடிகர் சித்தூர் வி. நாகையாவின் முயற்சியால் 1940-களில் தியாக பிரம்ம கான சபையும் அதன் அரங்கமாகிய வாணி மகாலும் தோன்றின. அடுத்த பத்தாண்டில் கிருஷ்ண கான சபையும் எழுந்தது. மார்கழி இசைவிழாவில் மயிலாப்பூருக்கு இணையாகத் தியாகராய நகரும் பெயர் பெற்றது.

இதே காலத்தில் நடனத்தின் சமூக இடமும் மாறிற்று. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற உருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். கலை பயிலும் இடமும் பொதுக்கல்வி பயிலும் பள்ளியும் ஒரே வளாகச் சூழலில் அங்கு வளர்ந்தன. குலத்தால் ஆடாத குடும்பத்துப் பெண்கள் நடனம் பயில வந்தனர். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நூற்றாண்டுகளாகக் கலையைக் காத்த குடும்பத்துப் பெண்களுக்கு இழிவினின்று விடுதலை கிட்டியது. அதே வேளையில் அவர்களுடைய மேடையும் சுருங்கியது. பாலசரசுவதி போன்ற மேதையர் சிலரே அப்பெருவெள்ளத்தை எதிர்த்து நின்றனர்.

நடுத்தர வகுப்பாரின் இல்லங்களில் மகளுக்குப் பாட்டு கற்பிப்பது வழக்கமாயிற்று. பாட்டு ஆசிரியர் வீட்டிற்கு வந்தார். நடன ஆசிரியர் மாலை வகுப்பு நடத்தினார். அரங்கேற்றம் குடும்ப விழாவாயிற்று. இவ்வாறு கலை, பிறப்பின் வேலியைக் கடந்து வெளிவந்தது உண்மையே. ஆனால் பள்ளிக்குள் நுழையாமல், பள்ளி விட்ட பின் கட்டணம் செலுத்திப் பெறும் பொருளாக அது மாறியது. பழைய வேலி குலத்தால் ஆனது. புதிய வேலி பணத்தால் ஆனது. புதிய வேலிக்கு உள்ளே வந்தவர்களுள் பெரும்பாலோர் உயர்சாதியினராகவே இருந்தமையால் பழைய வேலியும் முற்றாக மறைந்துவிடவில்லை.

அரசின் முயற்சிகள்

கலையைப் பள்ளிக்குள் கொண்டுவர முயன்றவர்கள் இல்லாமற் போகவில்லை. 1928-இல் தோன்றிய சென்னை மியூசிக் அகாதெமி, 1931-இல் இசையாசிரியர்களைப் பயிற்றும் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத் துறை அமைந்தது. இராணி மேரிக் கல்லூரியில் பணியாற்றிப் பின்னர் அத்துறையின் தலைமையை ஏற்ற பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி, இசையை வகுப்பறைப் பாடமாகக் கற்பிப்பதற்கு வேண்டிய பாடநூல்களை ஆக்குவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். ஒருவருக்கு ஒருவர் என்றிருந்த பயிற்சியை நாற்பது மாணவர் அமர்ந்த வகுப்புக்கு ஏற்றவாறு படிப்படியாக வகுத்தமைத்தது அவர் தொண்டு. 1949-இல் அரசினர் இசைக் கல்லூரியும் ஏற்பட்டது. எனினும் உயர்நிலைப் பள்ளியில் இசை பெரும்பாலும் பெண்கள் பள்ளிகளுக்கு உரிய பாடமாகவே கருதப்பட்டது. மணமகளுக்கு அணிகலனாகும் திறன் என்ற எண்ணமே அதனைத் தாங்கியது.

விடுதலைக்குப் பின் வந்த வாய்ப்பு பெரிது. 1952-இல் மைய அரசு இடைநிலைக் கல்விக் குழுவை அமைத்து, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரை அதன் தலைவராக்கியது. 1953-இல் அக்குழு அளித்த அறிக்கை, பல்நோக்கு உயர்நிலைப் பள்ளிகளை நிறுவி, மாணவர் தம் இயல்புக்கேற்ப ஏழு பிரிவுகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வழி செய்யுமாறு பரிந்துரைத்தது. மானிடவியற் பாடங்கள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகவியல், வேளாண்மை, மனையியல் ஆகியவற்றோடு நுண்கலைகளும் அவற்றுள் ஒன்றாக இருந்தன. கலை வரலாறு, வரைதல், வண்ண ஓவியம், உருவம் வனைதல், இசை, நடனம் ஆகியவை அப்பிரிவில் இடம்பெற்றன. அறிவியலுக்கு நிகரான தகுதியுடன் கலை உயர்நிலைப் பள்ளியில் வைக்கப்பட வேண்டும் என்று நாடு முழுமைக்கும் உரைத்த அறிக்கை இது.

அப்பரிந்துரை வேரூன்றாமைக்குக் காரணங்கள் உள. பயிற்சி பெற்ற ஆசிரியர் போதிய அளவில் இல்லை. கருவிகளும் அறைகளும் வாங்கப் பள்ளிகளிடம் பொருளில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லூரிக்கும் அலுவலுக்கும் செல்லும் வழி அறிவியல் பிரிவின் ஊடாகவே சென்றது. நுண்கலையைத் தெரிந்துகொள்ளும் மாணவன் பின்னர் எங்கே செல்வான் என்ற பெற்றோரின் வினாவுக்கு விடையில்லை. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரிக் குழு, கலையைப் புறக்கணிப்பது கல்வியையே வறுமைப்படுத்தும் என எச்சரித்தது. ஆனால் பத்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் பொதுப் பாடத்திட்டம் என்ற அதன் ஏற்பாட்டில் கணிதமும் அறிவியலும் பெற்ற உறுதியைக் கலை பெறவில்லை. தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது போட்டி மேலும் கடுமையாயிற்று. இன்றும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐந்து பாடங்களுக்கு 500 மதிப்பெண்கள் கணக்கிடப்படுகின்றன. அவற்றுள் கலை இல்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால்

இது தவிர்க்கவியலாத விளைவு என்று சிலர் கூறக்கூடும். அவர்களுக்கு விடையாகத் தமிழ் பேசும் மற்றொரு மண்ணை நாம் நோக்கலாம். இலங்கையில் ஆறாம் வகுப்பு முதலாக அழகியற் பாடங்களுள் ஒன்றை மாணவர் பயில வேண்டும். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என அவை பகுக்கப்பட்டுள்ளன. கல்விப் பொதுத் தராதரப் பத்திரத் தேர்வில் அவற்றைத் தெரிந்துகொண்டு மதிப்பெண் பெறலாம். உயர்தர வகுப்பிலும் தொடரலாம். அதற்கப்பால், 1960-இல் மருதனார்மடத்தில் தொடங்கப்பெற்று, 1970-களில் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகம் யாழ்ப்பாணத்தில் உள்ளது. 'அடுத்து எங்கே' என்ற பெற்றோரின் வினாவுக்கு அங்கே ஒரு விடை இருந்தது.

இதன் பயனை யாழ்ப்பாண நாடக வரலாறு காட்டும். 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ஆசிரியராகப் பணியாற்றியவர். அவரும் அவரைச் சார்ந்தோரும் பள்ளி மாணவரைக் கொண்டே அரங்கை வளர்த்தனர். போர்க்காலத்தில் மக்களின் துயரை எடுத்துரைத்த 'மண் சுமந்த மேனியர்' 1985-இல் மேடையேறியது. வகுப்பறையில் நாடகம் ஒரு பாடமாக இருந்த சமுதாயத்தில், பேச இயலாத காலம் வந்தபோது, பேசுவதற்கு ஒரு மொழி ஆயத்தமாக இருந்தது. தேர்வுக்குரிய பாடமாக்கினால் கலை மடியும் என்னும் அச்சத்திற்கு முழு விடை இது அன்றாயினும், தேர்வுக்கு வெளியே நிறுத்திய நம் முறை கலையை வாழவைத்ததா என்று திருப்பிக் கேட்க நமக்கு இது இடமளிக்கிறது.

இன்றைய நிலை

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் பயிலும் பள்ளிகளுக்குக் கலை, உடல்நலம், தொழிற்கல்வி ஆகியவற்றில் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என விதித்தது. அதன்படி தமிழக அரசு 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு வாரம் மூன்று அரை நாட்கள் பணி. தொடக்கத்தில் மாத ஊதியம் ரூ. 5,000. பின்னர் ஊதியம் உயர்த்தப்பட்டதாயினும், பணி நிரந்தரம் கோரி அவர்கள் பல ஆண்டுகள் தெருவில் நின்று போராட நேர்ந்தது. சட்டம் கலையைப் பள்ளிக்குள் அழைத்தது. அழைத்த கையே அதனை வாசற்படியில் அமர்த்தியது.

2022-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத் திருவிழா பாராட்டுக்குரியது. சிற்றூர் மாணவர் பலர் அதன்வழி மாநில மேடையில் ஏறியுள்ளனர். நாட்டுப்புறக் கலைகளும் அதில் மதிப்புப் பெற்றுள்ளன. எனினும் விழா என்பது விளைச்சலைக் கொண்டாடுவது. ஆண்டு முழுவதும் விதைத்து நீர் பாய்ச்சும் ஆசிரியர் இல்லாத பள்ளியிலிருந்து போட்டிக்கு வருபவர் யார்? தம் குடும்பத்திலோ தனி வகுப்பிலோ முன்னரே கற்றவரே பெரும்பாலும் வருவர்.

மீண்டும் தியாகராய நகரை நோக்குவோம். மார்கழி மாலையில் வாணி மகாலில் இசை ஒலிக்கும்போது, அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள கடைகளில் தென்மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞரும் இளம்பெண்களும் இரவு வரை நின்றுகொண்டே பணியாற்றுகின்றனர். அவர்களுள் நம் சபைகளில் வளர்ந்தவர்களும் உளர். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்து வந்தவர்கள் அவர்கள். நாடகக் குழுச் சிறுவன் பள்ளியை இழந்து கலையைப் பெற்றான். இவர்கள் பள்ளியைப் பெற்றனர்; ஆனால் அப்பள்ளி இவர்களுக்கு ஒரு பாட்டை முறையாகப் பாடவோ, ஓர் உருவத்தை வரையவோ, மேடையில் நின்று தம் சொல்லைப் பேசவோ கற்பிக்கவில்லை. அரங்கின் கதவு இவர்களுக்கு அடைக்கப்படவில்லை. ஆயினும் அதற்குள் நுழைவது தமக்குரியது என்ற எண்ணமே இவர்களுக்கு ஊட்டப்படவில்லை.

நம் பள்ளிகளின் கடமை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இதுவே: கலையில்லாத இல்லத்தில் பிறந்த குழந்தைக்குக் கலையை அளிக்கக்கூடிய பொது இடம் பள்ளி ஒன்றே. மற்ற வழிகள் அனைத்தும் பிறப்பையோ பணத்தையோ கேட்கின்றன. எனவே பள்ளியில் கலைக்கு இடமளிப்பதை அணிநலம் சார்ந்த செய்தியாகக் கருதாமல், நீதி சார்ந்த செய்தியாகவே நாம் கருத வேண்டும்.

திருமறையும் இதற்குச் சான்று பகர்கிறது. ஆசரிப்புக் கூடாரத்தின் கைவினைஞனாகிய பெசலெயேலுக்குக் கைத்திறன் மட்டுமன்றிப் பிறருக்குக் கற்பிக்கும் மனமும் அருளப்பட்டதாக யாத்திராகமம் 35-ஆம் அதிகாரம் கூறுகிறது. தாவீது அமைத்த பாடகர் குழுவில் 288 பேர் பயிற்சி பெற்றிருந்தனர் என்றும், சிறியோர் பெரியோர், ஆசான் மாணாக்கன் என்ற வேறுபாடின்றி அவர்களுக்குச் சீட்டுப் போடப்பட்டது என்றும் 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரம் உரைக்கிறது. அவர்களும் லேவியர் குலத்தவரே. குல வேலி அங்கும் இருந்தது. ஆயினும் அவ்வேலிக்குள் முறையான பயிற்சியும் நிகரான வாய்ப்பும் உறுதி செய்யப்பட்டன. அவ்வுறுதியை வேலிக்கு வெளியே உள்ள அனைவருக்கும் விரிப்பதே நற்செய்தியின் வழிநிற்போர் செய்யத்தக்கது.

திருச்சபையிடம் இன்றும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பல உள. அரசின் ஆணைக்குக் காத்திராமலே அவற்றில் செய்யக்கூடியவை சில உண்டு. கால அட்டவணையில் கலைக்குத் தரப்பட்ட பாடவேளையைப் பத்தாம் வகுப்பிலும் பறிக்காதிருத்தல் முதலாவது. கலை ஆசிரியருக்கு மற்ற ஆசிரியருக்கு நிகரான ஊதியமும் மதிப்பும் அளித்தல் இரண்டாவது. அப்பகுதியில் வாழும் நாகசுரக் கலைஞர், கூத்துக் கலைஞர், பறையிசைக் கலைஞர் ஆகியோரை ஆசிரியர் என்னும் மதிப்புடன் பள்ளிக்கு அழைத்தல் மூன்றாவது. நாம் ஒருகாலத்தில் புறத்தே நிறுத்திய கலைகளை மீண்டும் வரவேற்பதில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு ஐயர் வழிகாட்டியாயிருந்தார். பறையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்து, இழிவு கருவியில் இல்லை, அதனைச் சுமத்தியவர் மனத்திலேயே உள்ளது என்பதை அவர் பாடிக் காட்டினார். ஆலயத்தில் நிகழ்ந்தது வகுப்பறையில் நிகழக் கூடாதா?

சபைக் குருமார் பலர் பள்ளித் தாளாளர்களாகவும் உள்ளனர். ஓவிய ஆசிரியர் பணியிடம் காலியாகும்போது அதனை நிரப்ப முயல்வதா, அவ்வறையை வேறொன்றுக்கு ஒதுக்குவதா என்பது அவர்கள் மேசைக்கு வரும் கேள்வி. சிறியதெனத் தோன்றும் அம்முடிவில், எங்கோ ஒரு குழந்தை தன் குரலையும் கையையும் தனக்குரியதாகப் பெறுவதும் இழப்பதும் அடங்கியிருக்கிறது. அதனை மறவாமல் முடிவெடுப்பது நம் கடனாகும்.